இலை குறைந்த ரகம்

புதிய ஹைப்ரிட் வெள்ளரி வந்த அன்றைக்குப் பசுமைக்குடிலில் கை தட்டாதவள் நான் ஒருத்திதான். சூப்பர்வைசர் ஒரு நாற்றுத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதுபோல் அதன் பெருமைகளை அடுக்கினார். பூவெல்லாம் பெண் பூ, தேனீயே வேண்டாம், காயில் விதை இருக்காது. கணுவுக்கு இரண்டு காய். இலை சின்னது, அதுவும் எண்ணி வைத்த மாதிரிதான் விடும். காற்று தாராளமாக உள்ளே போகும், சாம்பல் நோய் எட்டிப் பார்க்காது. கடைசியாக ஒன்று சொன்னார்.

"இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கம் பளிச்சுனு தெரியும்."

எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பக்கம் எப்போது மறையும் என்றுதான் நான் மூன்று வாரமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ஒன்பதாவது வரிசையைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும்.

எங்கள் குடிலில் இருபத்திரண்டு வரிசை, வரிசைக்கு நூற்றியிருபது செடி. தேங்காய்நார்த் தூள் நிரப்பிய பைகளில் செடிகள் நிற்கும். மேலே ஓடும் கம்பியிலிருந்து ஒவ்வொரு செடிக்கும் ஒரு நூல் தொங்கும். வெள்ளரிக்கொடி அதைப் பிடித்துக்கொண்டு தானாக ஏறிவிடும் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். ஏறாது, கண்ட இடத்தில் படரும். வாரத்துக்கு இரண்டு தடவை, திங்களும் வியாழனும், நாங்கள் போய்க் கொடியை நூலில் சுற்றிவிட வேண்டும். பக்கக் கிளையைக் கிள்ள வேண்டும், பற்றிக்கொள்ளும் சுருளை நறுக்க வேண்டும், பழுத்த அடியிலையைக் கழிக்க வேண்டும்.

வரிசைக்கு இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம். உன் பக்கம் உன் வேலை, என் பக்கம் என் வேலை. அடுத்தவர் பக்கத்தில் கை வைத்தால், இவருக்கு வேலை தெரியாது என்று நாலு பேருக்குச் சொன்ன மாதிரி. எவ்வளவு சண்டைக்காரராக இருந்தாலும் எங்களில் யாரும் அதைச் செய்ய மாட்டோம்.

ஒன்பதாவது வரிசையில் என் எதிர்ப்பக்கத்தில் இருந்தவருக்கு ஏணி என்று பெயர். மேல் கம்பியில் நூல் மாட்ட மற்றவர்கள் ஏணியைத் தேடிப் போவார்கள், அவருக்குக் கையை நீட்டினால் போதும். நாற்பத்தெட்டு வயது. மனைவி இறந்து ஏழு வருஷம். ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில் இருந்தாள். எனக்கு அங்கே பட்டாசு என்று பெயர். வைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு நாற்பத்தொரு வயது. வாய் நீளம் என்று என்னைத் தட்டிக் கழித்தவர்கள் பாதிப் பேர், என் வாய் தட்டிக் கழித்தவர்கள் மீதிப் பேர். அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அண்ணன் பஸ் ஓட்டுகிறார். அண்ணி ரொம்ப நல்லவள், ஒரு சண்டைக்குக்கூட இடம் கொடுக்காத அளவுக்கு நல்லவள். துணி மடித்து வைக்கும் அறையில் எனக்குக் கட்டில் போட்டிருக்கிறாள். காலையில் நான் கண் விழித்ததும் பார்ப்பது அவர்கள் வீட்டுப் போர்வைகளின் அடுக்கைத்தான். அந்த வீட்டில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட நான் கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும். யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

முன்பு நாங்கள் வளர்த்த ரகத்தை யானைக்காது என்போம். ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுத் தட்டை மூடும். நட்ட முதல் நாலு வாரம் ஏணியும் நானும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு வேலை செய்வோம், அப்போது பேச மாட்டோம். "கத்தரிக்கோல் இருக்குங்களா?" "இந்தாங்க." பாங்கில் வரிசையில் நிற்கும் இரண்டு பேருக்குள் இருக்கும் உறவு எவ்வளவோ அவ்வளவுதான். ஐந்தாவது வாரம் கொடி தலையைத் தாண்டும், இலை கூடும், அவர் முகம் மறையும். அன்றிலிருந்து பேச ஆரம்பிப்போம்.

என்னதான் பேசவில்லை? அவர் மனைவி எதற்கெல்லாம் கோபித்துக்கொள்வாள் என்று எனக்கு மனப்பாடம். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவள் இவரைத் திட்டாததுதான் இவருக்கு முதலில் பயத்தைக் கொடுத்ததாம். என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளைகளை ஒவ்வொருவராக நான் நடித்துக் காட்டுவேன், குரலில் மட்டும். அந்தப் பக்கம் இலைகள் ஆடும், அவர் சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்வேன். முகம் தெரியாததால் எனக்குத் தைரியம் வந்ததா, அவருக்கு வந்ததா என்று சொல்ல முடியாது. டீ நேரத்தில் வெளியே வந்தால் மறுபடியும் அவர் ஒரு பெஞ்சு, நான் ஒரு பெஞ்சு. மூன்று பயிர் இப்படிப் போனது, ஒரு பயிர் என்பது மூன்றரை மாதம்.

மூன்றாவது பயிரின் கடைசி வாரம், கொடியைப் பிடுங்க நாலு நாள் இருக்கும்போது, அவர் இருமினார். முக்கியமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் இருமுவார்.

"நீங்களும் நானும் ஒரே வீட்டுல இருந்தா என்னங்க?"

சரி என்று சொல்ல வேண்டும் என்று அந்த நிமிஷமே தெரியும். ஆனால் நாற்பத்தொரு வருஷத்தில் என் பதிலுக்காக ஒருத்தர் காத்திருப்பது இதுதான் முதல் தடவை. அந்தச் சுகத்தைக் கொஞ்ச நாள் மடியில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டேன் என்ன, திமிர்தான்.

"அடுத்த பயிர் ஏறட்டும், சொல்றேன்" என்றேன்.

"ஏறட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக விசில் அடித்தார். அவருக்கு விசில் சுத்தமாக வராது.

பழைய கொடியைப் பிடுங்கி, குடிலைக் கழுவி, மருந்தடித்து, புது நாற்று நட மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் நான் பதிலைத் தயார் செய்தேன். "சரிங்க" என்பதா, "எனக்குச் சம்மதம்" என்பதா, இல்லை வீட்டில் ஒரு ஜன்னலாவது என் இஷ்டத்துக்குத் திறந்து மூட விடுவீர்களா என்று கேட்டுவிட்டுச் சொல்வதா. அண்ணி சோறு போட்டுக்கொண்டே, ஏன் தனியாகச் சிரிக்கிறாய் என்று கேட்டாள். வெள்ளரியை நினைத்தேன் என்றேன், அது பொய்யும் இல்லை. இலை அடர்ந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அப்போதுதான் சூப்பர்வைசர் அந்த நாற்றுத் தட்டைத் தூக்கினார்.

நாலு வாரம் ஆயிற்று, ஐந்து ஆயிற்று, ஆறும் ஆயிற்று. கொடி தலையைத் தாண்டிப் போனது, காயும் கொத்துக் கொத்தாக வந்தது. இலை மட்டும் வரவில்லை. என் உள்ளங்கை அளவு இலை, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு ஆள் எட்டிப் பார்க்கும் இடைவெளி. அந்த இடைவெளியில் ஏணியின் முகம். அவருக்குப் பின்னால் பத்தாவது வரிசைக்காரிகள் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் பதினொன்று. முன்பெல்லாம் சுவர் வைத்த தனி அறை மாதிரி இருந்த இடம் இப்போது சந்தையாகிவிட்டது. நான் தும்மினால் பதினாறாவது வரிசையிலிருந்து யாராவது தலையைத் திருப்பினார்கள்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடியவரும் இல்லை. நான் பதில் சொல்வேன் என்று என்னைப் பார்ப்பார், நான் உடனே நூலைப் பார்ப்பேன். முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஊரையே வாயால் மேய்க்கிறவள், ஒரு சொல் சொல்ல முடியாமல் நின்றேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் பார்த்தேன். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு அவர் நம்பரைப் போட்டேன். "வணக்கம், சொல்லுங்க" என்றார். கடைக்காரர் பேசுவது மாதிரி அவ்வளவு மரியாதை. நாளைக்கு மருந்து அடிக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மருந்து அடிக்கும் நாள் குடில் வாசலிலேயே எழுதித் தொங்குகிறது. அவர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஏழாவது வாரம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. இலை இல்லையென்றால் இலையை உண்டாக்க வேண்டியதுதான். வரிசையின் நடுவில், ஐம்பத்தைந்தாவது செடியிலிருந்து அறுபத்தைந்து வரை, பக்கக் கிளையைக் கிள்ளாமல் விட்டேன். அடியிலையையும் கழிக்கவில்லை. சூப்பர்வைசர் வரிசைமுனையில் நின்று பார்ப்பாரே தவிர நடுவரைக்கும் வர மாட்டார், அவருக்கு முழங்கால் வலி. பதினோரு செடி போதும். ஒரு சொல் சொல்ல எவ்வளவு இடம் வேண்டும்?

அந்தச் செடிகள் லேசில் மசியவில்லை. இந்த ரகத்துக்குப் பக்கக் கிளை விடுவதென்றாலே கசக்கும் போலிருக்கிறது. தலைகாட்டிய ஒன்றிரண்டு கிளைகளைத் தாங்கிப் பிடித்து நூலில் கட்டிவிட்டேன். அந்தக் கிளையிலிருந்து இன்னொரு கிளை, அதில் நாலு இலை என்று ஒவ்வொன்றையும் கெஞ்சி வளர்த்தேன். அண்ணன் பிள்ளைகளை வளர்த்தபோதுகூட இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. ஏணி தன் பக்கத்து வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டே போவார். அந்த இடம் வந்ததும் ஒரு நொடி நிற்பார், ஒன்றும் சொல்லாமல் நகர்வார். என் பக்கம் என் வேலை அல்லவா.

பத்தாவது வாரம் வியாழக்கிழமை காலையில் அந்த இடத்துக்கு வந்தபோது இலை அடைத்திருந்தது. அவர் முகம் தெரியவில்லை, ஒரு காதும் சட்டைக் காலரும் மட்டும் தெரிந்தன. அவர் அங்கேயே நின்றார். ஒரு தடவை இருமினார். பிறகு இன்னொரு தடவை. நான் வாயைத் திறந்தேன். அந்தக் காதைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன். அந்தக் காதும் மறையட்டும், இன்னும் நாலு நாள்தானே, திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் நகர்ந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. தலைக்குக் குளித்தேன். அண்ணியிடம், நான் வேறு வீட்டுக்குப் போனால் இந்த அறையை என்ன செய்வாய் என்று கேட்டேன். அவள் கையிலிருந்த துணியை மடிக்காமல் என்னையே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரடி அது என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்கு இருந்த மாதிரி சந்தோஷமாக நான் அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, அதற்குப் பிறகும் இருந்ததில்லை.

திங்கட்கிழமை முதல் செடியிலிருந்து வரிசைப்படி வேலை செய்துகொண்டு வந்தேன். ஓடிப் போய் நடுவில் நிற்க வேண்டும் போலிருந்தது, அடக்கிக்கொண்டேன். நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது. எதிர்ப்பக்கம் அவரும் கூடவே வந்தார். ஐம்பத்தி நாலாவது செடியை முடித்து நிமிர்ந்தால், அடுத்ததில் இலை இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. பதினோரு செடியும் சவரம் செய்த முகம் மாதிரி நின்றன. ஒவ்வொரு பக்கக் கிளையும் தண்டோடு ஒட்டி, காயம் படாமல், அழகாக நறுக்கப்பட்டிருந்தது. அப்படி நறுக்கத் தெரிந்தவர் எங்கள் குடிலில் ஒருத்தர்தான்.

அவர் முகம் முழுசாகத் தெரிந்தது. நல்லது செய்துவிட்டு, செய்தேன் என்று சொல்லக் கூச்சப்படுகிறவரின் முகம்.

"நேத்து வந்து எடுத்துட்டேன்" என்றார். "உங்க பக்கத்துல கை வெச்சது தப்புதான். சூப்பர்வைசர் இன்னிக்கு ஒவ்வொரு வரிசையிலயும் நடுவரைக்கும் வந்து பாக்கறாராம். உங்களுக்கு மனசு சரியில்லாம விட்டுப்போச்சுன்னு நெனச்சேன். வெளியில யாருக்கும் தெரியாது."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு நாக்கு அசையும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"ஒண்ணும் விட்டுப்போகல" என்றேன். "வேணும்னே விட்டேன். மூணு வாரமா வளர்த்தேன்."

"எதுக்குங்க?"

"அதுக்குப் பின்னால நின்னு உங்களுக்குச் சரின்னு சொல்றதுக்கு."

பத்தாவது வரிசையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. பிறகு பதினொன்றில். என் குரல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது, ஆனால் அதைப் பற்றி எனக்குக் கவலையாக இல்லை. பத்து வாரமாக எந்தக் கண்களுக்குப் பயந்தேனோ அத்தனை கண்களும் என் மேல் இருந்தன. அதில் ஒன்றும் ஆகிவிடவில்லை. இவ்வளவுதானா, இதற்கா பயந்தேன் என்று இருந்தது.

அவர் இருமவில்லை. கையில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார், பிறகு அந்தப் பதினோரு செடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நேத்து அத்தனையும் நான்தானே வெட்டினேன்" என்றார்.

அதற்குப் பிறகு மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். மகள் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். அவளுடைய மாமியாருக்குத் தெரிந்த ஒரு அம்மா, தையல் வேலை செய்கிறவர், தனியாக இருக்கிறாராம். இவர் பிடி கொடுக்காமலே இருந்திருக்கிறார். ஒன்பதாவது வரிசையில் இருந்து ஒரு பதில் வர வேண்டியிருந்தது, அதற்காக. வியாழக்கிழமை அந்த இடத்தில் முகம் மறைந்ததும், இப்போது நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்து நின்றாராம். நான் சொல்லவில்லை. மறைவு கிடைத்தும் சொல்லவில்லை என்றால் மனசில் இல்லை என்றுதானே அர்த்தம். அன்றைக்குச் சாயங்காலமே மகளுக்குப் போன் போட்டுச் சரி என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவிடமும் அவரே பேசிவிட்டார். சனிக்கிழமையோடு வேலையிலிருந்து நின்று, மகள் ஊருக்கே போய்விடுகிறார்.

"போறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஏதாவது செஞ்சுட்டுப் போகலாம்னு பாத்தேன்" என்றார். "எனக்குத் தெரிஞ்சது இதுதான்."

வியாழக்கிழமை ஒரு காது தெரிந்தது என்பதற்காக நான் வாயை மூடிக்கொண்டேன். அதை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் அவர் ஆயுசுக்கும் அந்தக் காதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சொல்லவில்லை.

மகளுக்குப் போன் செய்து மாற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். நான் கேட்டால் அவர் செய்திருப்பார். அவர் முகத்தில் அது எழுதியிருந்தது, கேட்டுவிடு என்று கெஞ்சுகிற முகம். ஆனால் எங்கேயோ ஒரு வீட்டில் ஒருத்தி தைத்துக்கொண்டிருக்கும் துணியை நிறுத்திவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்குச் சரி என்று சொன்ன வாயால் இல்லை என்று சொல்லச் சொல்வது எப்படி? அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், நேற்றுவரை என்னிடம் இருந்தது.

"அவங்க ஜன்னலைத் திறந்து வெச்சா மூடாதீங்க" என்றேன். எனக்கு அவர் வேண்டும், அவ்வளவுதான், அதைத் தவிர என் மனசில் வேறு எதுவுமே இல்லை.

அவர் தலையை ஆட்டினார். சூப்பர்வைசர் வரிசைமுனைக்கு வந்து, என்ன கூட்டம் என்று பத்தாவது வரிசைக்காரிகளைக் கேட்டார். அவர்கள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை ஓட்டினார்கள்.

இன்னும் ஐம்பத்தைந்து செடி பாக்கி இருந்தது. நான் அறுபத்தாறாவது கொடியை நூலில் சுற்றினேன், எதிர்ப்பக்கத்தில் அவர் அடியிலையைக் கழித்தார். நான் நிமிர்ந்தபோதெல்லாம் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், நானும் நூலைப் பார்க்காமல் அவரையே பார்த்தேன். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு நகர்வதற்கு இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. அரை மணியில் முடிகிற வேலைக்கு அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் ஆயிற்று. சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.